தாம்பத்திய ஆசை ஏன் குறைகிறது? காரிமங்கலத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்கு மருத்துவரின் பதில்

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 38. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருடம், இரண்டு குழந்தைகள். மனைவிக்கு 33. ஒன்றரை வருடமாக இவருக்கு விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. போகப்போக ஆசையே விட்டுப்போய்விட்டது என்கிறார். மனைவிக்கும் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு விருப்பமில்லை, சேரும்போது வலிக்கிறது. வயிற்று எரிச்சலுக்கு மருந்துக் கடையில் வாங்கிய கேஸ் மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் இவர் சாப்பிடுவதில்லை. ஊர் ஊராக வந்து லாட்ஜில் தங்கி மருந்து கொடுக்கும் ஒரு வைத்தியர், "சின்ன வயசுக் கைப்பழக்கத்தால வந்த நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி மூன்று மாத லேகியத்துக்கு 18,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். இது என்ன நோய், குறை யாரிடம், சரியாகுமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சரியாவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் எழுதியதிலேயே, உங்கள் பக்கமும் மனைவி பக்கமும், தேடிப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் நாலைந்து தெரிகின்றன. இன்னும் யாரும் அவற்றைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

நான் தர்மபுரி மாவட்டத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் சுகர், பிரஷர்காரர்கள். இந்த விஷயத்தை யாரும் வந்து உட்கார்ந்ததும் சொல்வதில்லை. முட்டிவலி, ஏப்பம், தூக்கமின்மை எல்லாம் சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து கதவு வரைக்கும் போவார்கள். அங்கே நின்று திரும்பி, "அப்புறம் ஒண்ணு சார்..." என்பார்கள். அவர்கள் வந்ததே அந்த ஒன்றுக்காகத்தான். பெண்கள் அந்தக் கதவு வரைக்கும்கூடக் கொண்டுவருவதில்லை. "உடம்பு முடியல" என்ற இரண்டு வார்த்தைக்குள் பல வருட வலியை வைத்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் எழுதிக் கேட்டதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

கைப்பழக்கம் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். அது மனதில் இருக்கிற வரைக்கும் நான் மற்றது எதைச் சொன்னாலும் உள்ளே போகாது. விந்து பாங்கியில் போட்ட பணம் மாதிரி எடுக்க எடுக்கக் குறைந்துபோவதில்லை. ஒருமுறை வெளியேறுவது சுமார் ஒன்றரை மில்லியிலிருந்து ஐந்து மில்லி வரை. அதில் பெரும்பகுதி தண்ணீர், மீதி கொஞ்சம் சர்க்கரை, புரதம், தாது உப்புகள். விரைகள் பருவ வயதில் தொடங்கி இரவு பகலாக உயிரணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு உயிரணு உருவாகி முடிய இரண்டரை மாதம்போல ஆகும். வெளியேறாமல் போனால் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும், தூக்கத்தில் தானாக வெளியேறினாலும் அது நோயில்லை. இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து என்ற கணக்குக்கு உடம்பில் இடமே கிடையாது. இந்தப் பயம் நம் நாட்டு இளைஞர்களை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்றால், 1960-ல் என்.என்.விக் என்ற மனநல மருத்துவர் அந்தப் பயத்துக்கே 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். தாது போய்விட்டது என்று நம்பி இளைத்து, சோர்ந்து, கடைசியில் உண்மையாகவே இயலாமல் போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மருந்தைவிட அரை மணி நேரப் பேச்சு நன்றாக வேலை செய்தது.

"நரம்புத் தளர்ச்சி" என்று சுவரொட்டியில் போடுகிற நோய் மருத்துவப் புத்தகம் எதிலும் இல்லை. நரம்பு கெடுவது உண்டு. சர்க்கரை, குடி, பி12 வைட்டமின் குறைவு, முதுகெலும்பில் அடி என்று அதற்கு வேறு காரணங்கள் உண்டு. பதினாறு வயதில் செய்தது முப்பத்தெட்டில் வந்து நரம்பைத் தளர்த்தாது.

சரி, உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. மூளையில் ஆசை எழுந்ததும் நரம்பு வழியாகச் சேதி போகிறது. ஆண்குறியின் ரத்தக்குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரந்து குழாயை விரிக்கிறது. ரத்தம் வேகமாக உள்ளே வந்து நிறைகிறது, வெளியேறும் வழிகள் அழுத்தப்பட்டு அது அங்கேயே தங்குகிறது. ஆசை, நரம்பு, ரத்தக்குழாய், ஹார்மோன், மனநிலை என்று ஐந்தும் ஒன்றாக ஒத்துழைக்க வேண்டும். எது ஒன்று பின்வாங்கினாலும் விளைவு வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அந்த ரத்தக்குழாய் மிகப் பொடியது, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர். நம் பக்கம் போர் தண்ணீரில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். உப்பு படிய ஆரம்பித்தால் மெயின் பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசியில் இருக்கிற பொடிக் குழாய் அடைத்துவிடும். உடம்பிலும் அப்படித்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் சேர்ந்து ரத்தக்குழாயைக் கெடுக்கும்போது விறைப்பு முதலில் குறைகிறது, நெஞ்சுவலி சில வருடம் கழித்து வருகிறது. இடைவெளி இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் நாற்பதை ஒட்டிய ஒருவர் விறைப்புக் குறைகிறது என்று வந்தால் நான் முதலில் பிரஷர் பட்டையைச் சுற்றி, சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கச் சொல்கிறேன். இந்த அறிகுறியைக் கவனித்து மாரடைப்பைத் தள்ளிப்போட முடியும். லேகியம் சாப்பிட்டுக்கொண்டே மூன்று மாதம் கடத்தினால் அந்த மூன்று மாதமும் வீண்.

பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர், நாற்பத்தொரு வயது, இதே காரணத்துக்காக மூன்று ஊர் வைத்தியர்களிடம் போய்விட்டு வந்தார். ஒருவர்கூட ரத்தம் எடுக்கவில்லை. நான் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரையே 240 இருந்தது. வீட்டில் யாருக்கும் சுகர் இல்லை, நமக்கு எப்படி வரும் என்றார். சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு கட்டத்தில் விறைப்புக் குறைபாடு வருகிறது, மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முன்பாகவே வருகிறது. ரத்தக்குழாய், நரம்பு இரண்டையும் சர்க்கரை ஒருசேரத் தாக்குவதுதான் காரணம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அதில் தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் நிறைய. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த உடம்பு என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. களி போய்த் தட்டில் ரேஷன் அரிசி மட்டும் நின்று பல வருடமாகிறது, வயலில் நடந்த கால் இப்போது கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது. அந்த விவசாயிக்கு ஆறு மாதத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, கூடவே ஒரு மாத்திரையும் கொடுத்தேன். இப்போது நன்றாக இருக்கிறார்.

அடுத்தது மாத்திரைகள். இதைப் பலரும் சந்தேகிப்பதே இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி அந்தக் கேஸ் மாத்திரைதான். அட்டையின் பின்பக்கம் படியுங்கள். ரேபிப்ரசோல் அல்லது பேண்டோபிரசோல் என்பதோடு லெவோசல்பிரைடு அல்லது டோம்பெரிடோன் என்று ஒரு பெயர் சேர்ந்திருக்கிறதா? அந்த இரண்டாவது மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும், குறிப்பாக லெவோசல்பிரைடு. தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் அது. ஆண் உடம்பில் அது ஏறினால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கும், ஆசை வற்றும், விறைப்பு போகும். பெண்ணுக்கு ஏறினால் மாதவிலக்கு தள்ளிப்போகும், ஆசை குறையும். சில வாரத்துக்கு என்று எழுதிய மாத்திரையை மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கி இரண்டு வருடம் விழுங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மாத்திரையை நிறுத்தியதும் சில வாரத்தில் பழைய நிலைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் என்னைப் பெரிய வைத்தியராக நினைக்கிறார்கள், நான் செய்தது அட்டையைத் திருப்பிப் பார்த்தது மட்டும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற எசிட்டலோபிராம், செர்ட்ரலின், பேராக்செடின் போன்றவை ஆசையைக் குறைக்கலாம், உச்சத்தைத் தள்ளிப்போடலாம். ஆண் பெண் இருவருக்கும் இது நடக்கும். மனநோய்க்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றும். பிரஷருக்கான சில மருந்துகள், முக்கியமாக அடெனலால் போன்ற பழைய வகைகளும் சில நீர் மாத்திரைகளும், விறைப்பைப் பாதிக்கலாம். முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் பக்கவாதம் வரலாம், மனநல மாத்திரையை விட்டால் நோய் திரும்பலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம், "இது சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து இப்படி ஆகுது" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கும், அளவைக் குறைக்கவும் முடியும்.

தூக்கத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு ஷிப்ட் என்று மாறுகிற வேலை, வரப்போக பஸ்ஸிலேயே மூன்று மணி நேரம். நைட் முடிந்து காலையில் வந்து படுத்தால் வீட்டில் குக்கர் விசில், குழந்தைகள், தெருவில் தண்ணீர் வண்டி. ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம் என்கிறீர்கள். டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் சுரக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வு அது. பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்துபோயிருந்தது. ஒரே வாரத்தில் இவ்வளவு என்றால் பத்து வருட ஷிப்ட் என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஓசூர் வேலைக்குப் போய்வருகிற தம்பதிகளிடம் நான் இன்னொன்றும் கேட்கிறேன்: இருவரும் வாரத்தில் எத்தனை இரவு ஒரே நேரத்தில் விழித்திருக்கிறீர்கள்? பதில் பல வீடுகளில் ஒன்று, இரண்டு. இதை நோய் என்று எழுத முடியாது, ஆனால் ஆசையைக் கொல்வதில் இது எந்த நோய்க்கும் குறைந்ததில்லை. குறட்டை சத்தமாக விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவராக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்தாலும் ஆசையும் விறைப்பும் குறையும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

குடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொஞ்சம் குடித்தால் கூச்சம் போகும், அதனால் ஆசை கூடியதுபோலத் தெரியும். உடம்பு அதற்கு ஒத்துவராது. தினமும் குடித்தால் கல்லீரலும் விரைகளும் சேர்ந்து கெடும், நரம்பும் போகும். பீடி, சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். நிறுத்தினால் பலன் உண்டு, சில மாதத்திலேயே தெரியும்.

இப்போது மனதுக்கு வருவோம். உங்களிடம் நேரில் கேட்டிருந்தால் முதலில் கேட்பது இதுதான்: தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா? அது நன்றாக இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் போய்விடுகிறது என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன, பயம்தான் தடுக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் களைப்பில் முடியாமல் போயிருக்கும். மறுமுறை "இன்னைக்கும் அப்படி ஆயிடுமோ" என்ற எண்ணத்தோடு போவீர்கள். பயத்தில் அட்ரினலின் சுரக்கும், அது ரத்தக்குழாயைச் சுருக்கும், நினைத்ததே நடக்கும். மூன்றாவது முறை பயம் இன்னும் பெரிது. அப்புறம் தோற்பதைத் தவிர்க்கப் படுக்கையையே தவிர்ப்போம், கடைசியில் ஆசையே இல்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு முதல் இரவில் நடப்பதும் இதுவே. குழந்தைக்காக, "இந்த மூணு நாள் கட்டாயம் சேரணும்" என்று தேதி குறித்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கும் இதே கதைதான். காலை விறைப்பும் இல்லை, படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது என்றால் உடம்புக் காரணத்தின் பக்கம் சந்தேகம் சாயும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

விந்து முந்துதல் வேறு பிரச்சினை, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் படிக்கிற பலருக்கு அந்தக் கவலை இருக்கும் என்பதால் ஒரு தகவல். ஐந்து நாடுகளில் 500 தம்பதிகளிடம் கடிகாரம் கொடுத்து எடுத்த கணக்கு 2005-ல் வெளிவந்தது. நடுத்தர அளவு ஐந்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. செல்போனில் பார்க்கிற அரை மணி நேரம் வெட்டி ஒட்டியது. தொடக்கத்திலிருந்தே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, அது மனதை வருத்துகிறது என்றால் அதற்கு நல்ல மருந்தும் பயிற்சியும் உண்டு.

இனி உங்கள் மனைவியைப் பற்றி. நீங்கள் எழுதிய இருபது வரியில் அவருக்கு ஒன்றரை வரிதான் இருந்தது. அந்த ஒன்றரை வரிக்குள் "வலிக்கிறது" என்ற வார்த்தை இருக்கிறது. வலிக்கிற ஒன்றின் மேல் யாருக்கும் ஆசை வராது. ஆசைக்கு மருந்து தேடுவதற்கு முன் வலிக்குக் காரணம் தேட வேண்டும். பிரசவத்தில் போட்ட தையல் ஆறிய இடம் இறுகியிருக்கலாம். வெள்ளைப்படுதல், அரிப்பு என்று தொற்று இருக்கலாம், பெண்ணுக்குச் சர்க்கரை இருந்தால் அது திரும்பத் திரும்ப வரும். கர்ப்பப்பையின் உள்சவ்வுத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் ஆழத்தில் வலிக்கும். வலிக்கும் என்ற பயத்தில் யோனித் தசைகள் தானாகவே இறுகிக்கொள்வதும் உண்டு. அது பிடிவாதம் இல்லை, கண்ணருகே கை வந்தால் இமை மூடிக்கொள்வது மாதிரி. இதற்கெல்லாம் மகளிர் மருத்துவரிடம் வழி இருக்கிறது. பால் கொடுக்கிற காலத்தில் புரோலாக்டின் ஏறி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கியிருக்கும், உறுப்பு வறண்டு எரியும், ஆசையும் அடங்கியிருக்கும். அது இயற்கை. தண்ணீர் அடிப்படையிலான வழுவழுப்பு ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் தேங்காய் எண்ணெய் தடவக்கூடாது, ரப்பர் பலவீனமாகிக் கிழியும்.

அடுத்தது ரத்தசோகை. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதில் இருக்கிற பெண் மாடி ஏறினாலே மூச்சு வாங்குவார். விடிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாட்டைக் கவனித்து, வேலைக்கும் போய்வந்து, இரவு பத்து மணிக்குப் படுக்கிறவரிடம் "உனக்கு ஏன் விருப்பமே இல்லை" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? தைராய்டு குறைவும் நம் பெண்களுக்கு நிறைய. உடல் பருத்தல், மலச்சிக்கல், எப்போதும் சோர்வு, முடி கொட்டுதல் எல்லாம் இருந்தால் தைராய்டு பரிசோதனை கட்டாயம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கேட்க நம் வீடுகளில் ஆளே இல்லை. குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால் ஆசை போய்விட்டது என்று பலர் நம்புகிறார்கள். கருக்குழாயைக் கட்டுவது ஹார்மோனைத் தொடுவதில்லை. ஆண்களுக்கான ஆபரேஷனும் அப்படியே, ஆண்மைக்கு எதுவும் ஆகாது. நம் மாவட்டங்களில் ஆண்கள் அதைச் செய்துகொள்ளாமல் எல்லாப் பாரத்தையும் பெண்கள் மேல் போடுவதற்கு இந்தப் பொய்ப் பயம்தான் காரணம் என்பது என் வருத்தம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிடுகிற ஆபரேஷன் வேறு. அதற்குப் பின் ஈஸ்ட்ரோஜன் திடீரென்று நின்றுவிடும். வறட்சி, எரிச்சல், உடம்பு அனலடிப்பது, ஆசை அற்றுப்போவது எல்லாம் வரும். மாதவிலக்கு தானாக நின்ற பின்னும் இந்த வறட்சி மெதுவாக வரும். உறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாகக் கேட்கும். "வயசாச்சு, இனிமே என்ன" என்று ஐம்பது வயதுப் பெண்ணிடம் சொல்லி அனுப்புவது மருத்துவம் இல்லை.

பெண்ணின் ஆசையைப் பற்றி ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000-ம் ஆண்டில் இதைத் தெளிவாக எழுதினார். நீண்டகாலம் சேர்ந்து வாழும் பல பெண்களுக்கு ஆசை முதலில் தானாக வந்து பிறகு நெருக்கம் தொடங்குவதில்லை. நெருக்கம், பேச்சு, தொடுதல், அவசரமில்லாத நேரம் இவையெல்லாம் கிடைத்த பிறகே ஆசை எழுகிறது. மனைவி தானாக முன்வரவில்லை என்பதை மட்டும் வைத்து அவருக்குக் குறை என்று முடிவு கட்டிவிட முடியாது. பகலெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கணைத்ததும் கை போட்டால் அந்த ஆசை எங்கிருந்து வரும்? ஒரே அறையில் குழந்தைகளும் மாமியாரும் படுத்திருக்கிற வீட்டில், சத்தம் கேட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கு எப்படி வரும்? குடித்துவிட்டு அடிக்கிறவரிடம், கட்டாயப்படுத்துகிறவரிடம் ஆசை வராமலிருப்பது நோயே இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து யாராவது இதைப் படித்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் பதினாறு, பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களை இன்னமும் பார்க்கிறேன். தயாராகாத உடம்பில் நடந்த முதல் அனுபவத்தின் பயம் முப்பது வயதிலும் அவர்கள் உடம்பில் இருக்கிறது. அவர்களுக்கு "தாம்பத்தியத்தில் ஈடுபாடு இல்லாதவள்" என்று பட்டம் கட்டுவதைக் கேட்கும்போது மனம் தாங்குவதில்லை.

தண்ணீரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள், ஃப்ளோரைடு ஆண்மையைக் கெடுக்குமா என்று. ஃப்ளோரைடு அதிகமான போர் தண்ணீர் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் என்பது நிச்சயம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் திறந்தார்கள். இடுப்பும் முதுகும் விறைத்து வலிக்கிறவருக்குச் சேர்வது சிரமமாகும், அந்த வழியில் அது பாதிக்கும். உங்களுக்கு மூட்டுவலி, முதுகுவலி இல்லை என்கிறீர்கள், அதனால் தண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை.

மருந்துகளுக்கு வருவோம். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை 1998-ல் வந்தது, அப்புறம் டாடலாஃபில் வந்தது. இரண்டும் நல்ல மருந்துகள், பழக்கமாகிவிடாது. ஆனால் அவை ஆசையை உண்டாக்குவதில்லை, ஆசை இருந்தால் ரத்தம் நிறைய உதவும், அவ்வளவுதான். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அப்படியே விழுந்து உயிர் போகலாம். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் இதனால்தான் ஆபத்து. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி எல்லோருக்கும் இல்லை. காலையில் எடுத்த ரத்தத்தில் இரண்டு முறை பார்த்து, டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்று இருக்கிறவருக்கு அந்த ஊசி போட்டால் உயிரணு எண்ணிக்கை விழுந்துவிடும். ஜிம்மில் போடுகிற ஊசிகளும் இதே கெடுதலைத்தான் செய்கின்றன.

உங்கள் லேகியத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் 'மூலிகை' என்று விற்கிற பொடிகளிலும் உருண்டைகளிலும் சில்டெனாஃபிலையே அரைத்துக் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. சரியாகச் சுத்திசெய்யாத பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் இருந்து சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ஆண்மையைப் பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற அத்தனையும் சட்டத்துக்கு வெளியே ஒட்டியவை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நம் சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அங்கே ஆரம்பித்துவிட்டு, தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இருவருமாகப் போங்கள். உங்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, தைராய்டு, காலை டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின். மனைவிக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, மகளிர் மருத்துவரின் பரிசோதனை. தொற்று என்ற சந்தேகம் இருந்தால் பால்வினைத் தொற்றுகளைப் பார்க்கிற சுகவாழ்வு மையம் இருக்கிறது, அங்கே பேசுவதை வெளியில் சொல்ல மாட்டார்கள். மனது பாரமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வீட்டில் பேச்சை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். படுக்கையில் எடுக்காதீர்கள். பகலில், குழந்தைகள் இல்லாத நேரத்தில், "எனக்கு உடம்பு சரியில்ல, டாக்டரைப் பார்க்கப் போறேன், உனக்கும் வலிக்குதுன்னு சொன்னே, அதையும் காட்டிட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள். யாரிடம் குறை என்ற கேள்வியை அங்கே கொண்டுபோகாதீர்கள். மருத்துவர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் ஒரு மாதத்துக்குச் சேர்வதே வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, தொடுதலும் பேச்சும் மட்டும் போதும் என்று இருந்து பாருங்கள். தோற்றுவிடுவோம் என்ற பயம் அதில் இல்லை, அவருக்கும் வலிக்குமே என்ற பயம் இருக்காது. பாலியல் சிகிச்சையில் அரை நூற்றாண்டாகக் கையாளுகிற முறை இது.

ரத்தம் கொடுக்க நைட் ஷிப்ட் முடிந்து வருகிற நாளில் போகாதீர்கள், ஹார்மோன் கணக்கு தவறாகக் காட்டும். இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கிய பிறகு, காலை வெறும் வயிற்றில் போங்கள். இருவரும் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மிச்சமிருக்கிற லேகியத்தை இன்றோடு நிறுத்திவிட்டு, அந்த டப்பாவையும் அதே பையில் வையுங்கள், டாக்டர் பார்க்க வேண்டும்.